மீனா அத்தை முட்டி: செவ்வாய்க்கிழமை அட்மிட் ஆகணுமா?

குழு: மேலத்தெரு குடும்பம்
ஞாயிறு, காலை

சேகர் மாமா: எல்லாருக்கும் வணக்கம். மீனாவுக்கு முட்டி எம்.ஆர்.ஐ. ரிசல்ட் வந்துடுச்சு. முட்டிக்குள்ள மெத்தை மாதிரி இருக்கற ஜவ்வு (மெனிஸ்கஸ்) கிழிஞ்சிருக்காம். கீஹோல்ல, அதாவது சின்ன ஓட்டை போட்டு பண்ற ஆபரேஷன்ல, சரி பண்ணிடலாம், செவ்வாய்க்கிழமை வந்து அட்மிட் ஆயிடுங்கன்னு சொல்லிட்டாங்க. வித்யா, நீ பிசியோதெரபிஸ்ட்தான, நீ என்ன சொல்ற?

பெரியப்பா: நல்லது மாப்ள. தள்ளிப் போடாதீங்க. நான் முட்டி மாத்திட்டு போன மாசம் மலைக்கோட்டையே ஏறி இறங்கிட்டேன்.

செல்வி சித்தி: அண்ணி, ஆபரேஷன் எல்லாம் எதுக்கு? முடக்கத்தான் தோசை சாப்பிடுங்க. பிரண்டைத் துவையல் வீடியோ ஒண்ணு வந்துச்சு, அனுப்பவா?

மீனா அத்தை: முடக்கத்தான் மாசக்கணக்கா தின்னுட்டுதான் இருக்கேன் செல்வி. வாய்தான் கசக்குது.

வித்யா: அத்தை, ஃபிலிம் வேண்டாம், கூட ஒரு பேப்பர் குடுத்திருப்பாங்கல்ல, அதை போட்டோ எடுத்து போடுங்க.

சேகர் மாமா: [போட்டோ]

வித்யா: பார்த்தேன். "டீஜெனரேட்டிவ்"னு போட்டிருக்கு, அதாவது வயசு தேய்மானத்துல வந்த கிழிசல். அத்தை, கீழ விழுந்தீங்களா? கால் முறுக்கிக்கிச்சா?

மீனா அத்தை: அதெல்லாம் இல்லடி. தீபாவளிக்கு முன்னாடியே படி இறங்கறப்ப உள்பக்கம் குத்த ஆரம்பிச்சுது. தரையில உக்காந்தா கை ஊனித்தான் எந்திரிக்கணும்.

வித்யா: மடக்குன கால் அப்படியே மாட்டிக்கிட்டு நீட்ட முடியாம போகுதா? முட்டி சூடா சிவந்து வீங்கி காய்ச்சல் வந்துச்சா? கெண்டைக்கால் மட்டும் தனியா வீங்குதா? சும்மா படுத்திருக்கறப்பவும் வலிச்சு தூக்கம் போகுதா?

மீனா அத்தை: சத்தம் வரும், மாட்டுனதில்ல. சாயங்காலம் லேசா உப்பும். காய்ச்சல் இல்ல. படுத்தா வலி இல்ல, உங்க மாமா குறட்டைதான்.

வித்யா: அப்ப செவ்வாய்க்கிழமைக்கு ஓட வேண்டிய அவசரம் இதுல எனக்குத் தெரியல. நான் கேட்டதுல ஏதாவது ஒண்ணுக்கு ஆமான்னு சொல்லியிருந்தா இன்னைக்கே டாக்டர்ட்ட போங்கன்னுதான் சொல்லியிருப்பேன். முதல்ல ஒழுங்கா பிசியோ பண்ணிப் பாருங்க.

பெரியப்பா: என்னம்மா இது, ஸ்கேன்லயே கிழிஞ்சிருக்குன்னு போட்டிருக்கான். எக்சர்சைஸ் பண்ணா ஒட்டிக்குமா?

வித்யா: ஒட்டாது பெரியப்பா. ஆனா இந்த மாதிரி கிழிசலை கீஹோல்லயும் பெரும்பாலும் தைக்கிறதில்ல. பழைய வேட்டி ஓரம் மாதிரி பிசிறடிச்சதை நறுக்கி எடுக்கிறாங்க, அவ்வளவுதான்.

வித்யா: அப்புறம் அந்தக் கிழிசல்தான் வலிக்குக் காரணம்னே சொல்ல முடியாது. அமெரிக்காவுல ஃப்ரேமிங்ஹாம்னு ஒரு ஊர். அங்க 50 வயசுக்கு மேல இருந்த ஆயிரம் பேருக்கு கிட்ட முட்டி ஸ்கேன் எடுத்தாங்க, வலி இருக்கா இல்லையான்னு பார்க்காம. 2008ல ரிசல்ட் வந்துச்சு. ஜவ்வு கிழிஞ்சிருந்தவங்கள்ல 61 சதவீதம் பேருக்கு முந்தின ஒரு மாசத்துல முட்டியில வலியோ பிடிப்போ எதுவுமே இல்ல. இப்ப பெரியப்பாவோட முதுகை ஸ்கேன் எடுத்தா நாலு பக்கத்துக்கு ரிப்போர்ட் வரும்.

பெரியப்பா: என் முதுகை ஏன் இழுக்குற

வித்யா: 😀 இன்னொண்ணு. 2013ல ஃபின்லாந்துல இதே மாதிரி தேய்மானக் கிழிசல் இருந்த 146 பேரை ரெண்டா பிரிச்சாங்க. பாதிப் பேருக்கு நிஜமா நறுக்குனாங்க. மீதிப் பேருக்கு தியேட்டர்ல வெச்சு நறுக்குற மாதிரி பாவனை மட்டும். யாருக்கு எதுன்னு அவங்களுக்கே தெரியாது. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா வலியில ரெண்டு குழுவுக்கும் சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல.

கார்த்தி: சரி வித்யா, ஆனா நடைமுறைக்கு வா. அம்மாவுக்கு பாலிசி இருக்கு, கேஷ்லெஸ். பிசியோன்னா ஓ.பி., கிளைம் வராது, கைக்காசு.

வித்யா: பாதிப் பேர் ஆபரேஷனுக்குத் தலையாட்டறதே இதனாலதான் கார்த்தி. படுத்தா இன்ஷூரன்ஸ் குடுக்குது, நடந்து போனா குடுக்கறதில்ல. எல்லா பாலிசியும் அப்படி இல்ல, ஓ.பி. சேர்ந்தது இருக்கான்னு ஒரு தடவை பாரு. இல்லன்னாலும் அம்மா தினமும் போக வேண்டியதில்ல. ஆரம்பத்துல வாரம் ரெண்டு தடவை, அப்புறம் ஒரு தடவை, மீதி வீட்டுல. ஜி.ஹெச். பிசியோ பிரிவுன்னா ஓ.பி. சீட்டு போட்டா போதும், காசே கிடையாது. கூட்டம் இருக்கும்.

கார்த்தி: எனக்கு லிகமென்ட் (எலும்புகளைப் பிடிச்சு வெச்சிருக்கற நார்) போனப்ப மட்டும் ஆபரேஷன் பண்ணிக்கோன்னு நீதான சொன்ன?

வித்யா: நீ ஷட்டில் ஆடுறப்ப திரும்பி விழுந்த. முட்டி நிக்காம விலகிக்கிட்டே இருந்துச்சு. அது வேற கேஸ். பெரியப்பாவுக்கு எலும்போட எலும்பு உரசி, பாத்ரூம் போறதுக்கே ஆள் வேண்டியிருந்துச்சு, அதுவும் வேற. ஆபரேஷனே கூடாதுன்னு நான் சொல்லல. அத்தைக்கு அது முதல் படி இல்ல.

செல்வி சித்தி: எங்க எதிர்வீட்டு அக்கா முட்டியில ஒரு ஊசி போட்டுக்கிட்டாங்க. மறுவாரமே நடந்தாங்க.

வித்யா: ஸ்டீராய்டு ஊசியா இருக்கும் சித்தி. வலி சட்டுனு அடங்கும், பொய் இல்ல. 2020ல ஊசியையும் பிசியோவையும் நேருக்கு நேர் வெச்சுப் பார்த்தாங்க, முட்டித் தேய்மானம் இருந்த 156 பேர்கிட்ட. ஒரு வருஷம் கழிச்சு பிசியோ போனவங்கதான் நல்லா இருந்தாங்க.

மீனா அத்தை: எல்லாம் சரிடி. போன வருஷம் தோள்பட்டைக்கு பிசியோ போனேனே. படுக்க வெச்சு கரண்ட் வெச்சுட்டு அந்தப் பொண்ணு போன் பார்த்துட்டு இருந்துச்சு. மணி அடிச்சதும் எந்திரிச்சு வந்துட்டேன். ஒரு பிரயோஜனமும் இல்ல.

வித்யா: இதைக் கேட்டா எனக்கு பத்திக்கிட்டு வருது அத்தை. எங்க ஆளுங்க பெயரைக் கெடுக்கறதே இதுதான். கரண்ட், மெழுகு ஒத்தடம் எல்லாம் கொஞ்ச நேரத்துக்கு இதமா இருக்கும். முட்டியைத் தாங்கறது தொடைச் சதையும் இடுப்புச் சதையும்தான், மெஷினை வெச்சா சதை வளருமா?

வித்யா: நல்ல பிசியோவா இல்லையான்னு முதல் நாளே தெரிஞ்சிடும். நடக்கச் சொல்லிப் பார்க்கணும், சேர்ல இருந்து எந்திரிக்கச் சொல்லணும், இடுப்பையும் கணுக்காலையும் சேர்த்துப் பார்க்கணும். உங்களுக்கு என்ன செய்ய முடியணும்னு கேக்கணும். தரையில உக்காந்து கோலம் போடணும்னா அதைச் சொல்லுங்க. வாரத்துக்கு வாரம் பயிற்சியை கொஞ்சம் கஷ்டமாக்கணும். மெஷினை மாட்டிட்டு நகர்ந்தாங்கன்னா வேற இடம் பாருங்க.

மீனா அத்தை: வலிக்கறப்ப எக்சர்சைஸ் பண்ணா இன்னும் தேய்ஞ்சிடாதா?

வித்யா: தேயாது. பயந்து உக்காந்துட்டாதான் சதை இளைச்சு முட்டிக்கு இன்னும் பாரம். வலிக்கு பத்துக்கு மார்க் போடுங்க. பயிற்சியில நாலு, அஞ்சு வரைக்கும் போனா பரவாயில்ல, மறுநாள் காலையில பழைய அளவுக்கு இறங்கிடணும். இறங்கலன்னா, இல்ல முட்டி உப்பிடுச்சுன்னா, குறைச்சுக்கணும். விடக்கூடாது.

வித்யா: போய்ப் பார்க்கற வரைக்கும் இது மட்டும் பண்ணுங்க. கட்டில்ல காலை நீட்டி உக்காந்து, துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில வெச்சு, துண்டை அமுக்கற மாதிரி தொடையை இறுக்குங்க. 5 எண்ணி விடுங்க, 10 தடவை, காலையும் சாயங்காலமும். அப்புறம் உயரமான சேர்ல இருந்து கை ஊனாம எந்திரிச்சு உக்காரணும், முடிஞ்ச வரைக்கும்.

சேகர் மாமா: எத்தனை நாள் பார்க்கறது?

வித்யா: 6 வாரத்துல ஏதாவது மாற்றம் தெரியணும். மூணு மாசம் ஒழுங்கா பண்ணியும் முன்னேற்றமே இல்லன்னா திரும்ப ஆர்த்தோகிட்ட (எலும்பு டாக்டர்ட்ட) போவோம். கீஹோல் அப்பவும் பண்ணிக்கலாம்.

வித்யா: மாமா, அத்தை தினமும் போடற வலி மாத்திரை எது? பி.பி. இருக்குல்ல அவங்களுக்கு.

சேகர் மாமா: மெடிக்கல்ல கேட்டு வாங்குனதுதான். டைக்ளோ ஏதோ.

வித்யா: அதை இஷ்டத்துக்கு தினமும் போடக்கூடாது மாமா. பி.பி. ஏறும், கிட்னிக்கும் ஆகாது. பி.பி. பார்க்கற டாக்டர்ட்ட நாளைக்கே கேளுங்க.

செல்வி சித்தி: எங்க அம்மாவுக்கு வீட்டுக்கே வந்து பிசியோ பண்றாங்களே, அவங்கள வரச் சொல்லவா?

வித்யா: அது மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது சித்தி. பாட்டி மாதிரி வெளிய போக முடியாதவங்களுக்கு வர்றாங்க. அத்தை நல்லா நடக்கறாங்க, போகட்டும்.

பெரியப்பா: டாக்டர்ட்ட என்ன சொல்றது? அவர் கோச்சுக்க மாட்டாரா?

வித்யா: "முதல்ல மூணு மாசம் பிசியோ பண்ணிட்டு வர்றோம், அதனால ஏதாவது கெடுமா?"ன்னு நேரா கேளுங்க மாமா. கெடும்னு சொன்னா ஏன்னு கேட்டு எனக்குச் சொல்லுங்க, அவர் நேர்ல பார்த்தவர், நான் பேப்பரைத்தான் பார்த்தேன்.

திங்கள், மதியம்

சேகர் மாமா: கேட்டுட்டேன். "பண்ணிப் பாருங்க, அவசரம் ஒண்ணும் இல்ல"ன்னுதான் சொன்னார். அட்மிஷனை நிறுத்தியாச்சு. வலி மாத்திரையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க.

பெரியப்பா: அவசரம் இல்லன்னா நேத்து ஏன்யா செவ்வாய்க்கிழமைன்னாங்க

கார்த்தி: மாமா 😀

கார்த்தி: பாலிசி பார்த்தேன். ஓ.பி. கிடையாது. பிசியோ காசை நான் அனுப்பிடறேன் அப்பா.

மீனா அத்தை: வித்யா, அந்த துண்டு வெச்சு அமுக்கறதை பண்ணேன். தொடை நடுங்குது.

வித்யா: நடுங்கட்டும் அத்தை, பழகிடும். நாளைக்கு பிசியோவுக்குப் போறப்ப ரிப்போர்ட்டை எடுத்துட்டுப் போங்க. புடவை வேண்டாம், முட்டிக்கு மேல தூக்க வர்ற மாதிரி லூசா சுடிதார் பேன்ட்.

மீனா அத்தை: என்கிட்ட சுடிதார் ஏதுடி

செல்வி சித்தி: என்னுது ஒண்ணு இருக்கு அண்ணி, சாயங்காலம் குடுத்து விடறேன்.