பாஷ் ஷெல்லில் நோக்ளாபரை ஆன் செய்வது எது?

வணக்கம் நண்பர்களே. லினக்ஸில் பாஷ் ஷெல் (கட்டளைகளை அடித்து இயக்கும் நிரல்) பயன்படுத்துகிறேன். ஏற்கெனவே இருக்கும் ஃபைலுக்கு > போட்டு எழுதினால், மேலெழுத முடியாது என்று பிழை வருகிறது. >| போட்டால் மட்டும் எழுதுகிறது.

ஷெல் அமைப்புகளின் பட்டியலைக் காட்டும் 'செட் -ஓ' அடித்துப் பார்த்தேன். நோக்ளாபர் (இருக்கும் ஃபைலை மேலெழுதவிடாமல் தடுக்கும் அமைப்பு) ஆன் என்று இருந்தது. 'செட் +ஓ நோக்ளாபர்' கொடுத்ததும் சரியாகிவிட்டது. (மைனஸ் போட்டால் ஆன், பிளஸ் போட்டால் ஆஃப். இந்தத் தலைகீழ் கணக்கை யார் யோசித்தார்களோ!) ஆனால் புது டெர்மினல் திறந்தால் மறுபடியும் பழைய கதைதான். புது டெர்மினல் திறக்கும்போது பாஷ் படிக்கும், என் ஹோம் டைரக்டரியில் உள்ள பாஷ்ஆர்சி ஃபைலில் அப்படி ஒரு வரியே இல்லை. வேறு எந்தெந்த ஃபைல்களில் தேட வேண்டும்?

அப்புறம், 'ஷாப்ட்' என்று அடித்தால் வேறொரு நீளமான பட்டியல் வருகிறது. அதில் நோக்ளாபர் இல்லை. எதற்கு இரண்டு பட்டியல்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.