மண்டபம் பக்கம் மூத்தோர் பயிற்சிக்கு இடமும் ஆளும் தேவை

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம், உச்சிப்புளி வட்டாரத்தில் பணி ஓய்வு பெற்றவர்களுக்கும் கடல்தொழிலை விட்டவர்களுக்கும் வாரம் 3 நாள், காலை 6 மணிக்குப் பயிற்சி ஏற்பாடு செய்கிறோம். 65 தாண்டினால் நடை மட்டும் போதாது. தசை வலுவும் தள்ளாடாமல் நிற்பதும்தான் விழாமல் காக்கும்.

முதல் தேவை, கைப்பிடி இல்லாத 10 நாற்காலிகள், இருக்கை உயரம் 43 செ.மீ. கல்யாண வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். டைல்ஸ் தரையில் பின்னால் வழுக்கும், கால் விரியும். எதுவானாலும் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். கால் வலுவைச் சோதிக்க, நாற்காலியில் உட்கார்ந்தவர் கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுகிறார் என்று எண்ணுவோம். 65–69 வயதில் ஆண்கள் 12, பெண்கள் 11க்குக் கீழே போனால் விழும் ஆபத்து கூடுதல் என்று பொருள். கையை ஊன்றி எழுந்தால் கணக்கு பூஜ்யம். இங்கேதான் பலர் ஏமாற்றுவார்கள், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்!

கடற்கரை மணலில் வேண்டாம். சரிவில் ஒரு கால் தாழ்ந்து முட்டி வலிக்கும். நிழலுள்ள சமதளக் கூடம் யாரிடமாவது உண்டா?

பிஸியோதெரபி படித்தவர் ஒருவர் முதல் மாதம் மட்டும் வந்தால் போதும். பயிற்சி முடிந்ததும் மூத்தோர் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கணக்கு, வலை பின்னல், மனு எழுதல் என அவரவர் கைவேலையைச் சொல்லித்தரலாம். என்ன சொல்லித்தர முடியும், எந்த ஊர் என்று எழுதுங்கள்.

ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே வரவும். மாத்திரை எடுப்பவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம்.