விளம்பர விலைக்கு மேல் கேட்கப்படும் கட்டணங்கள்

கேள்வி: சிங்கப்பூரின் ஊபி வட்டாரத்தில் ஒரு பழைய கார் பார்த்தோம். விளம்பர விலை வேண்டுமானால் கடைக்காரர் ஏற்பாடு செய்யும் கடனைத்தான் எடுக்க வேண்டும் என்றும், நிர்வாகக் கட்டணம் தனி என்றும் முன்பணம் கட்டும் நேரத்தில்தான் சொல்கிறார்கள். இதைப் பேசிக் குறைக்க முடியுமா?

பதில் 1: தாராளமாக முடியும், ஐயா. பெயர் மாற்றத்துக்கு நிலப் போக்குவரத்து ஆணையம் வாங்கும் தொகை மிகச் சிறியது. அதற்கு மேல் எழுதப்படும் ‘நிர்வாகக் கட்டணம்’ கடைக்காரர் வைத்ததுதான். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஒரே தொகையை ஒப்பந்தத்தில் எழுதித் தராதவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

பதில் 2: கடனையும் கவனியுங்கள், அண்ணா. காரின் திறந்த சந்தை மதிப்பு (இறக்குமதியின்போது சுங்கத் துறை கணக்கிடும் மதிப்பு) 20,000 வெள்ளிக்கு மேற்பட்டால் வாங்கும் விலையில் 60 விழுக்காடும், மற்றவற்றுக்கு 70 விழுக்காடும்தான் கடன். தவணை அதிகபட்சம் 7 ஆண்டுகள். வட்டி குறைவாகத் தெரிந்தாலும், முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு அபராதம் என்று கேளுங்கள். அவர்கள் கடனை எடுப்பதால் விலையில் கிடைக்கும் தள்ளுபடி அங்கேயே கரைந்துவிடக்கூடும்.