புதுப்பிப்பு: பாஸ்மதி வாசனையை நேரலையில் அளப்பது

பாஸ்மதி மணத்துக்கு முக்கியக் காரணம் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்று போன இழையில் எழுதியிருந்தேன். சோறு வேகும்போதே அதை அளக்க முடியாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முடியும்.

வழக்கமான ஜிசி-எம்எஸ் கருவி (ஜிசி பிரிக்கும் பகுதி, எம்எஸ் எடை பார்க்கும் பகுதி), ஆவியில் உள்ளவற்றை நீண்ட குழாயில் ஒவ்வொன்றாகப் பிரித்த பிறகே எடை பார்க்கும், நேரம் பிடிக்கும். பிடிஆர்-எம்எஸ் (புரோட்டான் கைமாறுவதை வைத்து எடை பார்க்கும் கருவி) பானைக்கு மேலிருக்கும் காற்றையே நேராக உறிஞ்சுகிறது. 1990-களில் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் வெர்னர் லிண்டிங்கர் குழு உருவாக்கியது இது. உள்ளே ஹைட்ரோனியம் அயனி (ஒரு புரோட்டானைக் கூடுதலாகச் சுமக்கும் நீர் மூலக்கூறு) அந்தப் புரோட்டானை வாசனை மூலக்கூறிடம் கொடுத்துவிடும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதை வாங்காது, அதனால் காற்று குறுக்கே வராது. என்ன அழகான வேதியியல்! எடை 111 கொண்ட நம் மூலக்கூறு, புரோட்டானின் எடை 1 சேர்ந்து, 112-இல் நொடிக்கு நொடி ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். காட்டு மரங்கள் விடும் ஐசோப்ரீனையும் இதே கருவியால்தான் அளக்கிறார்கள்.

ஆனால் ஒரே வேதி வாய்பாடுள்ள இரு சேர்மங்களை எடையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அதற்கு ஜிசி வேண்டும்.

ரம்பை (பாண்டன்) இலை பற்றிக் கேட்ட யாழ்ப்பாண நண்பருக்கு: ஆம், அதிலும் இதே சேர்மம்தான்.