மருந்து மூலக்கூற்றை எப்படி வடிவமைக்கிறார்கள்? கணினி மட்டும் போதுமா?

எழுதியவர்: பட்டர்வொர்த் மாணவி

வணக்கம். எஸ்டிபிஎம் என்ற மேல்நிலைப் பள்ளித் தேர்வை முடித்துவிட்டு, வேதியியல் படிப்பதா பார்மசி படிப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருக்கிறேன். மருந்துகள் எப்படி உருவாகின்றன என்ற ஆர்வம்தான் என்னை இரண்டு பக்கமும் இழுக்கிறது. உடலில் வேதிவினைகளை முடுக்கும் நொதி என்ற புரதம் ஒரு பூட்டு என்றும் மருந்து அதற்குள் நுழையும் சாவி என்றும் வகுப்பில் படித்தோம். பூட்டின் வடிவம் தெரிந்துவிட்டால் அதற்கேற்ற சாவியைக் கணினித் திரையிலேயே வரைந்துகொள்ளலாமே. பிறகு ஏன் ஒரு மருந்து வெளிவர 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது?

இன்னொரு கேள்வியும் உண்டு. எங்கள் பாட்டி இரத்த அழுத்தத்திற்கு அரசாங்க கிளினிக்கில் கொடுக்கும் பெரிண்டோபிரில் மாத்திரையைச் சாப்பிடுகிறார். காய்ச்சல் வந்தால் வீட்டுக்குப் பின்னால் வளரும் நிலவேம்பைக் காய்ச்சிக் குடிக்கிறார். அண்டை வீட்டு மலாய்க்காரர்களும் அதே செடியை ஹெம்பெடு பூமி என்று சொல்லிப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் செடியிலிருந்து நேராக ஒரு மாத்திரை செய்துவிட முடியாதா? விளக்கமாகச் சொன்னால் நன்றியுடன் படிப்பேன்.

பதில் 1: கெலுகோர் வேதியியலாளர்

வணக்கம், தங்கை. நீங்கள் சொன்ன உவமையை எமில் ஃபிஷர் 1894இல் நொதிகளைப் பற்றிப் பேசும்போது கையாண்டார். தொடக்கத்தில் அது உதவும். ஆனால் புரதம் அசைந்துகொண்டே இருக்கும் பொருள்; அதன் குழிவில் நீர் மூலக்கூறுகள் நிறைந்திருக்கும்; அதைப்போன்ற குழிவுள்ள வேறு புரதங்களும் உடலில் இருக்கும். இவற்றையெல்லாம் கடந்து சரியான இடத்தில் ஒட்டினாலும், வேலையில் கால்வாசிகூட முடிந்ததாக ஆகாது.

உங்கள் பாட்டியின் மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். அந்தக் குடும்பத்தின் முதல் மாத்திரை காப்டோபிரில். பிரேசில் நாட்டு ஜராராக்கா என்ற விரியன் பாம்பின் நஞ்சில், இரத்தக் குழாய்களை விரிக்கும் பிராடிகைனின் என்ற பொருளின் விளைவைக் கூட்டும் சிறு புரதத் துண்டுகள் இருப்பதை செர்ஜியோ ஃபெரெய்ரா 1960களில் கண்டறிந்தார். அவர் அந்த நஞ்சிலிருந்து எடுத்த சாற்றை இலண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்திற்குக் கொண்டு சென்றார். இரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற பொருளை உண்டாக்கும் ஏசிஇ என்னும் நொதியை அந்தத் துண்டுகள் தடுக்கின்றன என்று தெரியவந்தது. ஸ்குவிப் நிறுவனத்தில் அவற்றுள் ஒன்றைச் செயற்கையாகச் செய்து டெப்ரோடைடு என்று பெயரிட்டார்கள். ஊசியாகப் போட்டால் இரத்த அழுத்தம் குறைந்தது. ஆனால் அது புரதத்தைப் போலவே அமினோ அமிலங்களால், மொத்தம் 9 கண்ணிகளால், ஆன சங்கிலி என்பதால் விழுங்கினால் செரிமானத்தில் சிதைந்து பயனில்லாமல் போகும். வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டிய மருந்தை ஊசியாகவே கொடுத்துக்கொண்டிருக்க முடியுமா?

அங்கே டேவிட் குஷ்மனும் மிகுவெல் ஒண்டெட்டியும் செய்த சிந்தனை வேலை, இந்தத் துறையிலேயே மிக அழகானவற்றுள் ஒன்று என்பது என் கருத்து. ஏசிஇயின் முப்பரிமாண அமைப்பு அப்போது யாருக்கும் தெரியாது. அது 2003இல்தான் வெளியானது. ஆனால் கார்பாக்சிபெப்டிடேஸ் ஏ என்ற செரிமான நொதியின் அமைப்பு தெரிந்திருந்தது. இரண்டும் துத்தநாக அயனியைக் கொண்டு வேலை செய்பவை. ஏசிஇ சங்கிலியின் முனையிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களை வெட்டுகிறது, செரிமான நொதி ஒன்றை வெட்டுகிறது. பென்சைல்சக்சினிக் அமிலம் அந்தச் செரிமான நொதியை நன்றாகத் தடுக்கிறது என்று 1973இல் ஒரு கட்டுரை வந்திருந்தது. அப்படியானால் ஒரு அமினோ அமிலத்தின் நீளத்தைக் கூட்டினால் அதே உத்தி ஏசிஇயிடம் பலிக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணினார்கள். பாம்பு நஞ்சின் துண்டுகள் புரோலின் என்ற அமினோ அமிலத்தில் முடிவதால், புரோலினையே முனையில் வைத்து சக்சினைல் புரோலினைச் செய்தார்கள். அது மிகப் பலவீனமான தடுப்பான்தான் என்றாலும், ஏசிஇயைக் குறிப்பாகத் தடுத்தது. அவர்கள் அந்த ஒரு நம்பிக்கையைப் பற்றிக்கொண்டார்கள்.

அடுத்து ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்ததும் வலு கூடியது. பிறகு, துத்தநாகத்தைப் பிடிக்க வேண்டிய இடத்திலிருந்த கார்பாக்சில் என்ற அமிலத் தொகுதியை நீக்கிவிட்டு, துத்தநாகத்தோடு இன்னும் உறுதியாகப் பிணையும், கந்தகம் கொண்ட தயோல் தொகுதியை வைத்தார்கள். அந்த ஒரு மாற்றத்தால் வலு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு உயர்ந்தது. 1981இல் அமெரிக்காவில் காப்டோபிரிலுக்கு ஒப்புதல் கிடைத்தது. கணினி வரைபடம் எதுவும் இல்லாமல், ஒரு நொதி என்ன செய்கிறது என்பதைத் துல்லியமாகப் புரிந்துகொண்டதால் கிடைத்த மருந்து இது.

ஆனால் கதை அத்தோடு நிற்கவில்லை. சிலருக்குத் தோலில் தடிப்பும் நாவில் சுவைக் குறைவும் ஏற்பட்டன. தயோல் தொகுதியே காரணம் என்று கருதப்பட்டது. மெர்க் நிறுவனத்தார் மறுபடி கார்பாக்சில் தொகுதிக்கே திரும்பி, இழந்த வலுவை மூலக்கூற்றின் வேறு பகுதியில் புதிய பிணைப்புகளை உண்டாக்கி ஈடுசெய்தார்கள். அப்படிப் பிறந்த எனலாபிரிலாட் வலுவானது. ஆனால் குடலில் சரியாக உறிஞ்சப்படவில்லை. ஒரு கார்பாக்சில் தொகுதியை எத்தில் எஸ்டராக மாற்றி எனலாபிரில் என்று கொடுத்தபோது அது உள்ளே சென்றது. உடலின் நொதிகள் எஸ்டரை வெட்டியதும் மருந்து வெளிப்பட்டது. பாட்டியின் பெரிண்டோபிரிலும் இதே முறையில் மறைத்துக் கொடுக்கப்படும் முன்மருந்துதான்.

எனவே கணினி இன்று மிகவும் உதவுகிறது என்பது உண்மை. அது சொல்லும் ஒவ்வொரு மூலக்கூற்றையும் ஆய்வகத்தில் ஒருவர் செய்து, அளந்து, எதிர்பாராத தோல்விக்குக் காரணம் தேடி, ஓர் அணுவை மாற்றி மீண்டும் செய்ய வேண்டும். ஆண்டுகளில் பெரும்பகுதி அந்தச் சுற்றிலும், அதன்பின் மனிதர்களிடம் நடக்கும் சோதனைகளிலும் கழிகிறது.

பதில் 2: செந்தூல் மருந்தாளுநர்

மேலே எழுதிய ஐயா, ஒட்டுவது வேலையில் கால்வாசிகூட இல்லை என்றார். மீதியைப் பற்றி, தினமும் மருந்து எடுத்துக் கொடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்.

விழுங்கிய மாத்திரை முதலில் கரைய வேண்டும். கரைந்தது குடல் சுவரின் கொழுப்புப் படலத்தைக் கடக்க வேண்டும். அதாவது நீரோடும் ஒத்துப்போக வேண்டும், கொழுப்போடும் ஒத்துப்போக வேண்டும். பிறகு கல்லீரல் அதை உடனே சிதைத்துவிடக் கூடாது. அதேவேளை, உடலை விட்டு நீங்காமல் தேங்கியும் விடக் கூடாது. கிறிஸ்டோபர் லிப்பின்ஸ்கி 1997இல் தந்த வழிகாட்டி இதற்காகத்தான் இன்றும் முதல் வகுப்பிலேயே சொல்லித்தரப்படுகிறது. மூலக்கூற்று எடை 500க்கு மேல் போகாதிருப்பதும், ஹைட்ரஜன் பிணைப்பு கொடுக்கும் இடங்கள் 5க்கும் ஏற்கும் இடங்கள் 10க்கும் மிகாதிருப்பதும், கொழுப்பு நாட்டத்தைக் காட்டும் மடக்கை அளவு 5ஐத் தாண்டாதிருப்பதும் வாய்வழி மருந்துக்கு நல்லது என்பதே அதன் சாரம். இது சட்டம் அல்ல. மீறி வெற்றி பெற்ற மருந்துகள் உண்டு.

அவற்றுள் ஒன்று நம் நாட்டோடு தொடர்புடைய சோஃபோஸ்புவிர். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ், தன் மரபுப்பொருளான ஆர்என்ஏவைப் படியெடுக்கும் நொதியை இது நிறுத்துகிறது. அந்த வேலையைச் செய்வதற்கு மூலக்கூறு உயிரணுவுக்குள் மூன்று பாஸ்பேட்டுகளைத் தாங்கியிருக்க வேண்டும். அவற்றுள் முதல் பாஸ்பேட்டைச் சேர்ப்பதில் உடல் மிகவும் மந்தமாக இருந்தது. சரி, அந்த ஒரு பாஸ்பேட்டை ஆய்வகத்திலேயே சேர்த்துக் கொடுக்கலாம் என்றால், பாஸ்பேட்டின் எதிர்மின்னூட்டம் படலத்தைக் கடக்கவிடாது. ஆகவே ஃபீனைல் தொகுதியாலும் அலனின் எஸ்டராலும் அந்த மின்னூட்டத்தை மூடினார்கள். கல்லீரல் உயிரணுவுக்குள் போனதும் அங்குள்ள நொதிகள் மூடியை அகற்றிவிடுகின்றன. மின்னூட்டம் பெற்ற மருந்து வெளியேற வழியின்றி, வைரஸ் பெருகும் இடத்திலேயே தங்கிவிடுகிறது. எடை 529. ஆனாலும் விழுங்கும் மாத்திரை.

2013இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது ஒரு மாத்திரையின் விலை 1,000 டாலர். மலேசிய அரசு 2017இல் காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதமின்றியே அரசு பயன்படுத்த இடமளிக்கும் காப்புரிமைச் சட்ட விதியைக் கையாண்டு, பொது மருத்துவமனைகளுக்கு மலிவான சோஃபோஸ்புவிரைப் பெற வழி செய்தது. அதோடு சேர்த்துக் கொடுக்கும் ராவிடாஸ்விர் என்ற மருந்து மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 12 வாரச் சிகிச்சையோ, கல்லீரல் இறுகியவர்களுக்கு 24 வாரச் சிகிச்சையோ முடிந்து 12 வாரங்கள் கழித்துப் பார்த்தபோது 97 விழுக்காட்டினரிடம் வைரஸ் இல்லை. 2021 ஜூனில் நம் நாட்டில்தான் அதற்கு முதன்முதலாக நிபந்தனையுடன் பதிவு வழங்கப்பட்டது. நல்ல மூலக்கூறு நோயாளியின் கைக்கு எட்டாவிட்டால் அதைச் செய்த வேதியியலும் பாதியில் நின்றதாகவே நான் எண்ணுகிறேன்.

மறுமொழி: பட்டர்வொர்த் மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. அக்கா, ஒன்று கேட்க வேண்டும். பிராடிகைனின் என்ற பெயரை ஐயா குறிப்பிட்டார். அதைப் பற்றித் தேடிப் படித்தபோது வறட்டு இருமல் என்று கண்டேன். பாட்டிக்குச் சில வாரங்களாக அப்படி ஓர் இருமல் இருக்கிறது. மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

பதில் 3: செந்தூல் மருந்தாளுநர்

நீங்களாக நிறுத்த வேண்டாம், தங்கை. கிளினிக்கில் மருத்துவரிடம் இருமலைப் பற்றிச் சொல்லுங்கள். இருமலுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம், அவற்றையும் அவர் பார்க்க வேண்டும். முகமோ உதடோ வீங்கினால் மட்டும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

காரணம் ஐயா சொன்ன கதைக்குள்ளேயே இருக்கிறது. ஏசிஇ நொதி ஆஞ்சியோடென்சினை மட்டும் கையாள்வதில்லை. பிராடிகைனினைச் சிதைப்பதும் அதுவே. நொதியைத் தடுத்தால் பிராடிகைனின் தேங்குகிறது, அதனால் சிலருக்கு இருமல் வருகிறது. நொதியைத் தொடாமல், ஆஞ்சியோடென்சின் சென்று ஒட்டும் ஏற்பியை மறித்தால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்தது லோசார்ட்டன். அமெரிக்காவில் 1995இல் ஒப்புதல் பெற்றது. இருமல் மாத்திரையால்தான் என்று உறுதியானால் மருத்துவர்கள் பெரும்பாலும் அந்த வகைக்கு மாற்றுவார்கள். நிலவேம்புக் கஷாயம் குடிப்பதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

பதில் 4: ஆயர் ஈத்தாம் வாசகர்

நிலவேம்பைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால், இயற்கைப் பொருள்களின் வேதியியல் படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நிலவேம்பின் கசப்புக்கு முதன்மையான காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற லாக்டோன், அதாவது வளைய வடிவ எஸ்டர். ஆய்வகத்தில் அது பல விளைவுகளைக் காட்டுகிறது. ஆனால் நீரில் நன்றாகக் கரைவதில்லை, விழுங்கினால் சிறு பங்கே இரத்தத்தை அடைகிறது. அதோடு செடியில் உள்ள அளவு மண்ணுக்கும் பருவத்துக்கும் அறுவடை நேரத்துக்கும் ஏற்ப மாறுகிறது. மாத்திரையாகப் பிடித்து விற்பது கடினமல்ல, விற்கிறார்கள். நம் நாட்டில் பதிவு பெற்ற பொட்டலத்தில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் பதிவெண்ணில் இலக்கங்களை அடுத்து டி (T) என்ற எழுத்து இருந்தால் அது பாரம்பரிய மருந்து. பாதுகாப்பும் தரமும் பார்க்கப்பட்டிருக்கும். பெரிண்டோபிரில் கடந்து வந்ததைப் போன்ற நீண்ட மருத்துவச் சோதனையை அது கடந்திருக்க வேண்டும் என்பதில்லை.

செடியிலிருந்து மருந்து வருவது எப்படி என்பதற்கு ஆர்ட்டெமிசினின் நல்ல சான்று. து யூயூவின் குழுவினர் பழைய சீன மருத்துவக் குறிப்பு ஒன்றைப் பின்பற்றி, கொதிக்க வைக்காமல், குறைந்த வெப்பத்தில் ஈத்தரைக் கொண்டு சாறு எடுத்து, 1972இல் அந்தப் பொருளைப் பிரித்தார்கள். மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்வது அதிலுள்ள பெராக்சைடு பாலம். அந்தப் பாலத்தைத் தொடாமல், பக்கத்திலிருந்த லாக்டோனின் கார்பனைல் தொகுதியை மட்டும் ஒடுக்கி, கிடைத்த ஹைட்ராக்சிலில் சக்சினிக் அமிலத்தைச் சேர்த்தபோது, ஊசியாகப் போடக்கூடிய ஆர்ட்டெசுனேட் கிடைத்தது. சபாவில், குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்குப் பரவும் குரங்கு மலேரியா முற்றிய நிலையில் வரும் நோயாளிகளைக் காப்பாற்றுவது இந்த மருந்துதான்.

எல்லாச் செடிகளுக்கும் அந்தப் பேறு கிட்டுவதில்லை. சரவாக் காட்டில் 1987இல் சேகரித்த பிந்தாங்கோர் மரத்தின் மாதிரியிலிருந்து, எச்ஐவியின் ஒரு நொதியைத் தடுக்கும் காலனோலைடு ஏ கிடைத்தது. மேலும் சேகரிக்கத் திரும்பிச் சென்றபோது அந்த மரம் வெட்டப்பட்டிருந்தது. பின்னர் ஆய்வகத்தில் முழுமையாகச் செய்து மனிதர்களிடம் சோதிக்கும் வரை கொண்டுவந்தார்கள். மருந்தாக விற்பனைக்கு வரவில்லை.

பதில் 5: கெலுகோர் வேதியியலாளர்

படிப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மூலக்கூற்றைச் செய்து பார்க்கும் ஆசை இருந்தால் வேதியியலில் சேர்ந்து கரிம வேதியியலை ஆழமாகப் படியுங்கள். மருந்து மனிதருக்குள் என்ன ஆகிறது என்பதில் ஆசை இருந்தால் பார்மசி. இங்கே பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இரண்டு துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பொதுமக்கள் வந்து பார்க்கும் திறந்த நாள் வரும்போது இரண்டு ஆய்வகங்களையும் நேரில் பாருங்கள்.

அதுவரை ஒரு பயிற்சி தருகிறேன். காப்டோபிரில், எனலாபிரிலாட், பெரிண்டோபிரிலாட் மூன்றையும் ஒரே தாளில் அருகருகே வரையுங்கள். துத்தநாகத்தைப் பிடிக்கும் தொகுதியை ஒரு நிறத்திலும், புரோலினையோ அதன் இடத்தில் வந்த வளையத்தையோ வேறொரு நிறத்திலும் குறியுங்கள். பெரிண்டோபிரிலாட்டில் அந்த வளையம் ஏன் பெரிதாகியிருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றுவதை இங்கே எழுதுங்கள். நான் பார்த்துப் பதில் தருகிறேன்.