சம்பளம் நிற்பதற்கு முன்னால் எது நின்றது? தள்ளாடிய கம்பெனிகளில் இருந்தவர்களின் அனுபவங்கள்

பெருங்குடி பழசு:

2016 முதல் 2019 வரை சென்னை ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தேன். பெயர் வேண்டாம். மருத்துவமனைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்தோம். நான் சேர்ந்தபோது இருநூறு பேருக்கு மேல், கதவைச் சாத்தும்போது நாற்பது சொச்சம். மூன்று மாதச் சம்பளம் பாக்கி, இனி வரப்போவதும் இல்லை. அந்தப் புலம்பலை வீட்டில் போதுமான அளவு பாடி முடித்துவிட்டேன். இங்கே கேட்க வந்தது வேறு. சம்பளம் நிற்பதற்கு முன்னால் உங்கள் கம்பெனியில் எது நின்றது?

எங்களிடம் முதலில் நின்றது கேள்வி. ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை டவுன்ஹால், அதாவது கம்பெனி மொத்தமும் கூடும் கூட்டம், நடக்கும். கையில் சுண்டல் பொட்டலமும் காபியுமாக எல்லோரும் நின்றுகொண்டே பேசுவோம். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். 2017 தீபாவளிக்கு முந்தைய கூட்டத்தில் சப்போர்ட் டீம் பையன் ஒருவன், "சார், மதுரை ஹாஸ்பிடல் நம்ம காண்ட்ராக்டை ரின்யூ பண்ணலையாமே, உண்மையா?" என்று கேட்டுவிட்டான். நிறுவனர் சிரித்தார். "நெகட்டிவா யோசிக்கிறவங்களுக்கு இங்க இடம் இல்ல தம்பி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், நாலு பேர் கைகூடத் தட்டினார்கள். அடுத்த அப்ரைசலில் அந்தப் பையனுக்கு அடிமட்ட ரேட்டிங். அதற்குப் பிறகு நடந்த கூட்டத்தில் கேள்வி நேரம் வந்தபோது ஏசி ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. சரி, கேள்விகளை முன்கூட்டியே ஃபார்மில் எழுதி அனுப்புங்கள் என்றார்கள், பெயரோடு. யார் அனுப்புவான்?

மதுரை விஷயம் உண்மைதான். எங்கள் ஃபைனான்ஸ் ஆட்கள் சொல்லித் தெரியவில்லை. அந்த ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் இருந்த என் சித்தி மகள் பொங்கலுக்கு வந்தபோது, "உங்க சாஃப்ட்வேரை எடுத்து மூணு மாசமாச்சுண்ணா" என்றாள். எங்களுக்கு அலுவலகத்தில் அதுவரை "பேச்சுவார்த்தை நடக்கிறது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டெஸ்டர் அக்கா:

எங்களிடம் நின்றது சிவப்பு நிறம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் டெஸ்டிங் லீட். வாராவாரம் ஒரு ஷீட் போகும். ஒவ்வொரு மாட்யூலுக்கும் பச்சை, ஆம்பர், சிவப்பு என்று ஒரு நிறம். முதலீட்டாளர்கள் வரப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும், என்னைவிட எட்டு வயது சின்னவரான மேனேஜர் என் சீட்டுக்கு வந்து ரொம்ப மரியாதையாக, "அக்கா, அந்த ரெட்டைக் கொஞ்சம் ஆம்பராக்கிடுங்களேன், நெக்ஸ்ட் வீக் பார்த்துக்கலாம்" என்றார். முதல் வாரம் மாட்டேன் என்றேன். இரண்டாவது வாரம் அவரே மாற்றிக்கொண்டார். மூன்றாவது வாரம் நானே மாற்றி அனுப்பினேன். பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற மாதம் அது, வேறு காரணம் இல்லை.

பிறகு ஒரு நாள் யாரோ தவறுதலாக ஒரு மெயில் சங்கிலியை மொத்தமாக எனக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டார்கள். அதைப் படித்தபோதுதான் முழுக்கதையும் புரிந்தது. அடியில் நான் எழுதியது: "41 கிரிட்டிக்கல் பிழைகள், இந்த நிலையில் ரிலீஸ் செய்யக் கூடாது." அதற்கு மேலே மேனேஜர்: "சில பிழைகள் உள்ளன, சரிசெய்து வருகிறோம்." அதற்கு மேலே டைரக்டர்: "தெரிந்த பிரச்சினைகள்தான், கட்டுக்குள் இருக்கின்றன." உச்சியில் வைஸ் பிரசிடெண்ட் சிஇஓவுக்கு எழுதிய ஒரே வரி: "திட்டமிட்டபடி போகிறது." நாலு படி ஏறுவதற்குள் நாற்பத்தொன்றும் கரைந்துவிட்டது. யாரும் அப்பட்டமாகப் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கொடுமை. ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீர் கலந்தார்கள், அவ்வளவுதான்.

ரிலீஸ் அன்று எல்லாம் படுத்துவிட்டது. இரவு எட்டரை மணிக்கு சிஇஓவே எங்கள் பக்கம் வந்து, "ஏன் ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லல?" என்று கத்தினார். அந்த மனிதருக்கு உண்மையிலேயே தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. நான் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்.

சுங்குவார்சத்திரம்:

டெஸ்டர் அக்கா சொல்லும் அதே கதையை நோக்கியாவைப் பற்றிய ஓர் ஆய்வில் படித்திருக்கிறேன். நான் அங்கே வேலை பார்த்தவன் இல்லை. எங்கள் ஊர் ரோட்டில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையின் ஷிஃப்டு பஸ் போய்வந்த காலத்தைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் தேடிப் படித்தேன். க்வி ஹுய், டிமோ வுவோரி என்ற இரண்டு மேலாண்மைப் பேராசிரியர்கள் அந்தக் கம்பெனியின் மேலாளர்கள், எஞ்சினியர்கள், வெளி நிபுணர்கள் என 76 பேரிடம் பேசி எழுதியது. ஐபோன் வந்ததுதான் நோக்கியாவைக் கொன்றது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் கண்டது பயம். மேலே இருந்தவர்களுக்குப் போட்டியாளர்கள் மீதும் முதலீட்டாளர்கள் மீதும் பயம், நடுவில் இருந்தவர்களுக்கு மேலே இருந்தவர்கள் மீது பயம். கூட்டங்களில் கத்தல் சகஜம். நோக்கியா போன்களில் ஓடிய சிம்பியன் மென்பொருளை வைத்துக்கொண்டு ஐபோனுக்கு ஈடுகொடுக்க முடியாது என்பது எஞ்சினியர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அது மேலே போய்ச் சேரும்போது "முடியும், சீக்கிரம் முடித்துவிடலாம்" என்று மாறியிருந்தது.

2010 செப்டம்பரில் ஸ்டீபன் எலோப் சிஇஓவாக வந்தார். பின்லாந்துக்காரர் அல்லாத முதல் சிஇஓ அவர்தான். 2011 பிப்ரவரியில் ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடலுக்கு நடுவே தீப்பிடித்த எண்ணெய்க் கிணற்று மேடையில் நிற்கும் ஒருவன் உறைகிற தண்ணீரில் குதிப்பதா வேண்டாமா என்று யோசிப்பதைச் சொல்லி, நாம் அந்த மேடையில்தான் நிற்கிறோம் என்றார். கடிதம் வெளியே கசிந்தது. சில நாட்களில் மைக்ரோசாஃப்டோடு கூட்டு என்று அறிவிப்பும் வந்தது. கடையில் சிம்பியன் போன்கள் விற்பனையில் இருக்கும்போதே அதற்கு எதிர்காலம் இல்லை என்று சொன்னால் எவன் வாங்குவான்? என்னைக் கேட்டால், பல வருடம் உண்மையை அடக்கிவைத்துவிட்டு ஒரே நாளில் மொத்தத்தையும் கொட்டினால் அதுவும் ஆபத்துதான்.

ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பர் 1ஆம் தேதி நின்றது. அதற்கு வரி வழக்கும் ஒரு பெரிய காரணம். நோக்கியாவின் போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வழக்கில் சிக்கியதால்தான் இந்த ஆலை அதில் சேரவில்லை. அதனால் பின்லாந்தில் யாரோ வாயை மூடிக்கொண்டதற்கு இங்கே ஷிஃப்டு பஸ் நின்றது என்று நேர்க்கோடு போட நான் தயாரில்லை. ஆனால் தொடர்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

டிராவல்ஸ்:

நான் ஐடி ஆள் இல்லை. கம்பெனிகளுக்கு கேப் ஓட்டுகிறேன், பதினாலு வண்டி. உங்களுக்கெல்லாம் தெரிவதற்கு ஆறு மாதம் முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும். 45 நாளில் வந்த பில் 90 நாளாகும், பிறகு 120. "அண்ணா, அப்ரூவலுக்குப் போயிருக்கு" என்று அக்கவுண்ட்ஸ் தம்பி முதலில் போனை எடுத்துச் சொல்வார். அப்புறம் எடுக்கவே மாட்டார். கேன் தண்ணீர் போடுகிறவர், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற காண்ட்ராக்ட்காரர், நான், மூன்று பேரும் செக்யூரிட்டி கேபின் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு ஒப்பிட்டுக்கொள்வோம். எனக்கு பாக்கி ஏழு லட்சம் நின்ற அதே மாதம் லிஃப்டுக்கு எதிரே "நாம் ஒரு குடும்பம்" என்று ஆளுயரத்துக்குப் புதிதாக எழுத்து ஒட்டினார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய பையனுக்கும் காசு வரவில்லை.

முன்னாள் மேனேஜர்:

டெஸ்டர் அக்கா கதையில் வரும் மேனேஜர் மாதிரி ஆள்தான் நானும், வேறு கம்பெனியில். நான்கு நாளாக இதையெல்லாம் படித்துவிட்டு இன்று எழுதுகிறேன்.

என் டீமில் பதினெட்டு பேர். வருடா வருடம் பெல் கர்வ் போட வேண்டும். அத்தனை பேரும் நன்றாக உழைத்திருந்தாலும் மூன்று பேரைக் கட்டாயம் அடியில் தள்ளியாக வேண்டும். மைக்ரோசாஃப்டே இந்த முறையை 2013 நவம்பரில் கைவிட்டது. நாங்கள் அதற்குப் பிறகுதான் "உலகத் தரம்" என்று சொல்லி அதை ஆரம்பித்தோம். முதல் வருடம் நிஜமாகவே சரியாக வேலை செய்யாத மூன்று பேர் இருந்தார்கள், பிரச்சினை இல்லை. இரண்டாவது வருடம் யாரைப் போடுவது? விசுவாசமாக இருப்பவர்களையா? எதிர்த்துப் பேசியவர்களைப் போட்டேன். குறிப்பாக ஒருத்தரை. புது பிராடக்டை மார்ச்சுக்குள் முடிக்க முடியாது, செப்டம்பர் ஆகும் என்று தேதியோடு எழுதிக் கொடுத்தவர். என் டீமிலேயே கெட்டிக்காரர் அவர்தான். ரேட்டிங் சொல்ல கான்ஃபரன்ஸ் ரூமுக்குக் கூப்பிட்டபோது என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "புரியுது சார்" என்று மட்டும் சொன்னார். இரண்டு மாதத்தில் பெங்களூரு போய்விட்டார். பிராடக்ட் நவம்பரில் வந்தது. அப்படியென்றால் அவர் சொன்ன தேதிகூட எங்களுக்குச் சாதகமான தேதிதான்.

இந்த மாதிரிப் பேச்சில் சிஇஓ என்றாலே வில்லன் ஆக்கிவிடுவது வழக்கம். எங்கள் சிஇஓ வில்லன் இல்லை. 2018இல் இரண்டு மாதச் சம்பளத்தை மனைவியின் நகைகளை அடகு வைத்துப் போட்டார். அது எனக்குத் தெரிந்தது எப்போது? கம்பெனி மூடி ஒரு வருடம் கழித்து, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், அவர் மைத்துனர் சொல்லி. அப்போதே சொல்லியிருந்தால் நான் பாதிச் சம்பளத்துக்கு இருந்திருப்பேன், என்னைப் போல இன்னும் பத்து பேராவது இருந்திருப்பார்கள். அவரிடமே இதைக் கேட்டேன். "சொன்னா மறுநாளே எல்லாரும் ஓடிடுவீங்கன்னு நினைச்சேன்பா" என்றார். நாங்கள் அவருக்குப் பயந்தோம், அவர் எங்களுக்குப் பயந்திருக்கிறார்.

பெருங்குடி பழசு:

"சொன்னால் ஓடிவிடுவார்கள்" என்பது எல்லா முதலாளிகளும் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்கிற சமாதானம். ஹைதராபாத் மென்பொருள் கம்பெனி சத்யத்தைப் பாருங்கள். 2009 ஜனவரி 7ஆம் தேதி அதன் நிறுவனர் ராமலிங்க ராஜுவே கணக்கில் இருப்பதாகக் காட்டிய 5,000 கோடிக்கு மேலான பணம் இல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். புலி மேல் சவாரி செய்தது போல இருந்தது, தின்னப்படாமல் எப்படி இறங்குவது என்று தெரியவில்லை என்று அதே கடிதத்தில் எழுதினார். நம் ஊர் புலிவால் பிடித்த கதைதான். அப்போது சுமார் ஐம்பதாயிரம் பேர் அங்கே வேலையில் இருந்தார்கள். அதைவிடப் பெரிய கெட்ட செய்தி எந்தக் கம்பெனிக்கு வந்துவிடும்? அப்படியும் அது ஒரே இரவில் காலியாகிவிடவில்லை. அரசு பழைய போர்டைக் கலைத்துவிட்டு தீபக் பரேக், கிரண் கார்னிக் போன்றவர்களை நியமித்தது. ஏப்ரலில் டெக் மஹிந்திரா ஏலத்தில் எடுத்தது.

முன்னாள் மேனேஜர்:

உண்மை. ஆனால் அங்கே அரசு வந்து நின்றது. எங்களைப் போன்ற நூற்று இருபது பேர் கம்பெனிக்கு யார் வருவார்கள்? நல்ல ஆட்கள்தான் முதலில் கிளம்புவார்கள். அவர் பயத்தை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன்.

ஹெச்ஆரில் இருந்தவள்:

நான் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களிடம் நின்றது பிஎஃப். சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, பே-ஸ்லிப்பில் 12 சதவீதம் பிடித்ததும் இருந்தது, கணக்கில் மட்டும் ஏறவில்லை. யாராவது கேட்டால் "போர்ட்டலில் டெக்னிக்கல் பிரச்சினை" என்று சொல்லும்படி எனக்கு உத்தரவு. ஐந்து மாதம் அதையே சொன்னேன். என் கணக்கிலும்தான் ஏறவில்லை. சொல்லிச் சொல்லி நானே பாதி நம்பிவிட்டேன் என்றால் சிரிப்பீர்கள்.

வருமான வரியிலும் இது நடக்கும். சம்பளத்தில் டிடிஎஸ் என்று வரி பிடித்திருப்பார்கள், 26ஏஎஸ் என்ற வரித்துறை அறிக்கையை எடுத்துப் பார்த்தால் கட்டியிருக்க மாட்டார்கள். பயப்படாதீர்கள், பிடித்த வரியைக் கம்பெனி கட்டாவிட்டால் அதை மறுபடி உங்களிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் பிடித்ததற்கு ஆதாரம் நீங்கள்தான் காட்ட வேண்டும். அதனால் பே-ஸ்லிப்பையெல்லாம் மாதாமாதம் சொந்த மெயிலில் சேர்த்துவையுங்கள். லாகின் போன பிறகு எடுக்க முடியாது.

புதுசு:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் கம்பெனியில் போன வாரம் டவுன்ஹாலில் கேள்வி நேரத்தை எடுத்துவிட்டார்கள். நேரம் பத்தவில்லையாம். பழசு அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது. நான் சேர்ந்தே ஏழு மாதம்தான் ஆகிறது. இப்போதே வேறு வேலை தேட வேண்டுமா, இல்லை ஒன்றும் இல்லாததற்கு நான்தான் பயப்படுகிறேனா?

ஹெச்ஆரில் இருந்தவள்:

இப்போதைக்கு ரெஸ்யூமை எல்லாம் தொட வேண்டாம்ப்பா. ஒரு மாதத்துப் பிஎஃப்பை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் அவர்கள் கட்டியாக வேண்டும். அரசோட உமாங் ஆப்பில் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து கடைசியாக எந்த மாதம் ஏறியிருக்கிறது என்று பார்.

புதுசு:

ஓடிபி வரவில்லை அக்கா. பழைய நம்பர் கொடுத்திருக்கிறேன் போல. நாளைக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

டிராவல்ஸ்:

தம்பி, அப்படியே உங்க ஆபீசுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.