மறைத்து எடுத்துப்போகும் பிஸ்டல்: டெக்சஸில் பழகியவர்கள் ஊர்வாரியாகப் பகிர்வது

பிளேனோ:
2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது நிறைந்த, சட்டத்தடை இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே பிஸ்டலை மறைத்து எடுத்துப்போகலாம். அந்தச் சட்டத்தடையில்தான் நம்மவர்கள் மாட்டுவார்கள். எச்-1பி (வேலை), எஃப்-1 (மாணவர்) விசாக்காரர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டம் விடாது. சுடும் பயிற்சி இடமான ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் சேர்த்தி. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் உண்டு. வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீங்க. கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை இல்லை.

ஹூஸ்டன்:
கடைக்குப் போனதும் கை தேடுவது இருப்பதிலேயே சின்னதை. ஸ்மித் அண்ட் வெஸன் 642 ரிவால்வர் 5 தோட்டா, அரைக் கிலோகூட வராது. பாக்கெட்டில் சுகம், சுடும்போது கை எரியும். ட்ரிகர் கனம், குறிபார்க்கும் சைட் சின்னது. உதைக்குப் பயந்து கை முன்கூட்டியே அமுங்க, குண்டு கீழே போகும். புதிதாகப் பழகுபவருக்குக் கிளாக் 19 (15 தோட்டா) அளவே நல்லது. அதை மறைக்க முடியாதவருக்கு சிக் பி365 (10 தோட்டா). சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டு தெரிவது குழல் இல்லை, பிடி. அதனால் பிடியின் நீளத்தைப் பாருங்க. பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடை முழுசாகப் பின்னால் இழுக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்க.

ஆஸ்டின்:
துப்பாக்கிக்கு அறுநூறு டாலர், அதைச் செருகும் உறைக்கு (ஹோல்ஸ்டர்) பதினைந்து டாலர் என்று வாங்குகிறார்களே, அங்கேதான் ஆபத்து. துணி உறை துப்பாக்கியை எடுத்ததும் வாய் மூடிக்கொள்ளும். திரும்பச் செருகும்போது அதன் விளிம்போ, சட்டை நுனியோ, ஜாக்கெட் கயிற்று முடிச்சோ ட்ரிகரில் மாட்டினால் வெடித்துவிடும். இடுப்பின் முன்பக்கம் செருகுபவருக்கு அந்த நேரம் குழல் பார்ப்பது சொந்தத் தொடையை.

ட்ரிகர் பகுதியை முழுக்க மூடும் கைடெக்ஸ் (கெட்டி பிளாஸ்டிக்) உறை வேண்டும். காலித் துப்பாக்கியை உள்ளே வைத்து, ட்ரிகர் இருக்கும் இடத்தை வெளியிலிருந்து அழுத்துங்க, அசையக்கூடாது. வளையாத ஒன்றரை அங்குல பெல்ட் போடுங்க. திரும்ப வைக்கும்போது விரல் ஸ்லைடு ஓரமாக நீட்டியிருக்கட்டும். இடக்கையால் சட்டையை மார்புவரை தூக்குங்க, இடுப்பை முன்னே தள்ளுங்க, உறையைக் கண்ணால் பார்த்து மெதுவாக விடுங்க. எதிலாவது தட்டினால் அழுத்தாதீங்க, வெளியே எடுத்துப் பாருங்க.

சான் அன்டோனியோ:
லைசென்ஸ் தேர்வில் 50 ரவுண்டு. 3, 7, 15 கஜம். 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. பல வேறு மாநிலங்களிலும் செல்லும் என்பதால் எடுத்து வைப்பது லாபம். ஆனால் உறையிலிருந்து எடுத்துச் சுடுவது அதில் கிடையாது. பல ரேஞ்சுகள் அதற்கு அனுமதிப்பதும் இல்லை. ஆகவே வீட்டில் தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டு, தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா நிற்கும் சேம்பரை இருமுறை பார்த்துவிட்டுக் காலியாகப் பழகுங்க.

கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு பின்னால் நிற்கவில்லையா? துப்பாக்கியைத் திட்டுமுன் கட்டைவிரலைப் பாருங்க, பெரும்பாலும் அது ஸ்லைடைப் பின்னால் நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப் மேலே உட்கார்ந்திருக்கும்.

பிளேனோ:
இன்னொன்று. தினமும் இரவு இறக்கிக் காலையில் அதே தோட்டாவை சேம்பரில் ஏற்றினால், முனையிலுள்ள குண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டாவின் கூட்டுக்குள் இறங்கும். சுடும்போது அழுத்தம் எகிறும். பெட்டியிலிருக்கும் புதுத் தோட்டாவோடு நிறுத்திப் பாருங்க. குட்டையாகத் தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுங்க.